குடும்பத்தோடு போகிற இடமா அது?

“காசிமேடா? ஞாயிற்றுக்கிழமை அதுவுமா? குடும்பத்தோடு போகிற இடமா சார் அது?”

சென்னையின் தென்பாதியில் வசிப்பவர்களிடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஒருநாள் போய்வரலாம் என்று சொல்லிப் பாருங்கள். இந்தக் கேள்விதான் வரும். கேட்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள் பிள்ளைகளுக்கு நல்ல நாளாக அமைய வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலோர் பாரிமுனைக்கு வடக்கே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். போகாத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகத் தெரிந்துவைத்திருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த தனித் திறமை.

அவர்கள் தரப்பை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வட சென்னையில் கடல் உண்டு, கடற்கரை கிடையாது. கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும். ரவுடிகள் திரிகிற இடம். துறைமுகத்து லாரிகளுக்கு நடுவில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு போனாலும் பார்ப்பதற்கென்று ஒன்றும் இல்லை. ஆகவே மெரினா, இல்லாவிட்டால் பெசன்ட் நகர், கையில் காசிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை, வெயில் கொளுத்தினால் ஏசி போட்ட மால். இதுதான் ஊர் ஒப்புக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை.

இந்த வாதம் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை அந்தக் கரை முழுவதும் குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போனால் கல்சுவர்மேல் அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்திருப்பார்கள். பாட்டிகள் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். பஜ்ஜி, சுண்டல், பஞ்சுமிட்டாய் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு போக முடியாத இடம் என்று சொல்லப்படுகிற இடத்தில் இவர்கள் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள். அப்படியானால் நாம் யாரைக் குடும்பம் என்று எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம்? என் சண்டை அங்கேதான். மணல், நாற்றம், ரவுடி எல்லாம் அதற்குப் பிறகு தேடிச் சேர்த்த காரணங்கள். ஆனாலும் காரணம் என்று சொன்னால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

மணலிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே அகலமான மணற்பரப்பு இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்பதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்திக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொஞ்சம் எதிர்த்திசையில் திரும்பும். கூட்டிக் கழித்தால் வரவு வடக்குக்குத்தான். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் கவர்னரிலிருந்து துணிப்பொதி வரை எல்லாம் அலையைத் தாண்டிக் கரைசேர்ந்தன. 1870களின் நடுவில், கடலுக்குள் கற்சுவர் நீட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள்.

அந்தச் சுவரில் முட்டி மணல் நின்றது. தெற்கே நின்ற மணல் ஆண்டுக்காண்டு சேர்ந்து அகன்றது. இன்று நாம் உலகுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் அலையடித்தது. இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே எவ்வளவு தரை இருக்கிறது என்று தலைமைச் செயலகம் பக்கம் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வடக்கே நடந்தது நேர்மாறு. வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலையும் கடல் கொண்டுபோனது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரை உள்வாங்கி, வீடுகளும் தெருக்களும் போயின. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் அந்தக் கருங்கற்கள். ஆக, மெரினாவில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தின்றுகொண்டே “வடக்கே பீச்சே கிடையாது” என்று சொல்கிறவர், வடக்குக்குச் சேரவேண்டிய மணல்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொல்கிறார்.

இதைப் பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்குவதைவிடக் காசிமேட்டுக் கல்சுவரில் பிள்ளையை நிறுத்திக் காட்டுவது எளிது. கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீளும் தூண்டில் வளைவுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் மணல் சேர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் அரித்திருக்கும். நூற்றைம்பது ஆண்டு வரலாறு கைக்கெட்டும் அளவில் கண்முன்னால் கிடக்கும். மணலில் கால் நனைத்தே ஆகவேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் அதற்கும் இடம் இருக்கிறது. காவல் நிலையத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு ‘என்-4 பீச்’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற கரை.

அடுத்து நாற்றம். மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாடை அடிக்கும்தான். ஆனால் இந்தப் புகாரைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அன்று மத்தியானமே வஞ்சிர வறுவலுக்கு ஆலாய்ப் பறக்கிறவர்கள். அவர்கள் தெருமுனைக் கடையில் வாங்கும் மீனும் காசிமேட்டில் இறங்கியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஐஸ் பெட்டிக்குள் கிடந்து, கைமாறி, வண்டியேறி வந்து சேரும்போது கூடுதலாகக் கொஞ்சம் நாற்றத்தோடும் கூடுதலாக நிறைய விலையோடும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் அங்கே போய் நின்றால் நாற்றம் என்ற நினைப்பே சற்று நேரத்தில் போய்விடும், கண்ணுக்கு அவ்வளவு வேலை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்த விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். படகின் வயிற்றிலிருந்து கூடை கூடையாக மீன் மேலே வரும். ஒரு பக்கம் ஐஸ் பாரை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் ஏலம். ஏலக்காரரின் வாய் போகிற வேகத்துக்குத் தொலைக்காட்சி கிரிக்கெட் வர்ணனையாளர்கள் தோற்றுப்போவார்கள். சுற்றி நிற்கிறவர்களில் யார் தலையாட்டினார், யார் விலகினார் என்று நமக்குப் புரிவதற்குள் கூடை கைமாறியிருக்கும். மொத்த வியாபாரம் ஒருபுறம் நடக்க, சில்லறைக்கு வாங்குகிறவர்களுக்கென்று பெண்கள் தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, வவ்வால், கடம்பா, எறா, நண்டு. பள்ளிக்கூடத்தில் மீன் என்ற ஒரே சொல்லும் ஒரே படமும் பார்த்த பிள்ளைக்குக் கடலுக்குள் இத்தனை சாதி உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண்களைப் போலச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் கிடைப்பது அரிது. “இன்னா கண்ணு, பாத்துக்கினே நிக்கற? செவுளத் தூக்கிப் பாரு. செகப்பா கீதா? கண்ணு பளபளன்னு கீதா? அப்ப வாங்கு. இல்லாங்காட்டி எவ குடுத்தாலும் வாங்காத” என்று ஓர் ஆயா என் பெண்ணிடம் சொன்னார். வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை, வாங்கக் கற்றுக்கொடுத்தார். மாலில் எந்தக் கடைக்காரரும் எங்களுக்கு இதைச் செய்ததில்லை. கூறுக்கு விலை பேசும்போது என் மனைவிக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்துப் பெண் பயந்துவிட்டாள். சண்டை என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு மீனைக் கொசுறாகப் பையில் போட்டு, “போம்மா, நீ கெலிச்சிட்ட” என்று அவர் சிரித்தபோதுதான் அவளுக்குப் பேரம் என்றால் என்னவென்று விளங்கியது. பக்கத்திலேயே மீனை ஆய்ந்து வெட்டித் தருகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அரிவாள்மணை வேகத்தை நின்று பார்க்கவே போகலாம்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாத சென்னைக் குடும்பம் அநேகமாக இருக்காது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனால் உழைப்பாளர்களையே பார்க்கலாம், ஆனால் அது குடும்பத்தோடு போகிற இடம் இல்லை என்கிறோம். வெண்கலத்தில் வார்த்த உழைப்பு மட்டும்தான் நமக்கு நாறாது போலிருக்கிறது.

ரவுடிப் பேச்சுக்கு வருகிறேன். இதில் சினிமாவின் பங்கு பெரிது, ஆனால் சினிமாவை மட்டும் திட்டிப் பயனில்லை. ‘வடசென்னை’ (2018) படத்தில் கத்தி நிறைய. கூடவே கேரம் பலகையும் உண்டு. ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் கால்பந்து உண்டு, ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) 1970களின் குத்துச்சண்டை மேடை உண்டு. பார்த்தவர்கள் கத்தியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். அந்த வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். அதற்காக அந்தப் பக்கத்துத் தெருக்களைப் பற்றிய எண்ணத்தை யாராவது மாற்றிக்கொண்டார்களா?

அங்கே குற்றமே நடப்பதில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நடக்கிறது. செய்தித்தாளில் வருகிற வெட்டுக்குத்துகளில் பெரும்பாலானவை ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்களின் பழைய பகை. மீன் வாங்க வந்த குடும்பத்தை வழிமறிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஞாயிறு காலையில் கரையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அன்றைய பிழைப்பு அந்த நேரத்தில்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் இன்னொன்றையும் யோசிக்கலாம். பெசன்ட் நகர்க் கடற்கரையின் அடையாளமாக நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பரில் அந்தக் கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டு மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். மெரினாவில் குளிக்காதே என்று எச்சரிக்கைப் பலகை வைத்தும் ஆண்டுதோறும் கடல் ஆட்களைக் கொண்டுபோகிறது. அதற்காக அவற்றைக் குடும்பத்தோடு போகக்கூடாத இடங்கள் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அளவுகோல் ஒன்றாக இருந்தால் போதும்.

பார்க்க ஒன்றுமில்லை என்பதைக் கேட்டால்தான் எனக்கு நிஜமாகக் கோபம் வரும். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அந்தத் தூண் வைத்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பீச் நிலையத்திலிருந்து வடக்கே அடுத்த நிறுத்தம், மின்சார ரயிலில் போய் இறங்கலாம். ரயில் பைத்தியம் பிடித்த வயதில் பிள்ளை இருந்தால் அருங்காட்சியகத்துக்கு முன்னால் இங்கே கூட்டிவர வேண்டும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மசூலாப் படகு ஓட்டிய சமூகத்தார் தங்கள் சம்பாத்தியத்தில் 1829இல் கட்டிய புனித ராயப்பர் ஆலயம். ஊருக்கே பெயர் கொடுத்த கோயில் அது. அலையில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த கூலியில் எழுந்த கோபுரத்தைக் கல்யாண மண்டபத்துத் தோரணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர முடியாது. அதே வட்டாரத்தில் 1910இல் கட்டிய பார்சிகளின் அக்னி ஆலயம். தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியில் நின்று, ஈரானிலிருந்து குஜராத் வழியாக இந்தத் தெருவரைக்கும் ஒரு நெருப்பு வந்து சேர்ந்த கதையைச் சொல்லலாம். ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணாதுரையின் புதிய கட்சியின் முதல் பொதுக்கூட்டம் அங்கேதான் நடந்தது. பதினெட்டு ஆண்டில் அந்தக் கட்சி கோட்டையைப் பிடித்தது. அரசியல் பேசாத வீடு தமிழ்நாட்டில் ஏது? ஆனால் அந்தப் பூங்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருவொற்றியூரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூவர் பாடிய தலம்; சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர்; தியாகராஜர் வந்து திரிபுரசுந்தரிமேல் ஐந்து கிருதிகள் பாடிய ஊர். மூலவருக்கு ஆண்டு முழுதும் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் நீக்குவார்கள். கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடம். பேய்க்கரும்பு இனித்த கதையைக் கேட்காத பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேறு எந்த ஊர் பொருந்தும்?

சாயங்காலம் திரும்பி வரும்போது பீச் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டிகளில் அத்தோ கிளறிக்கொண்டிருப்பார்கள். 1960களில் பர்மாவைவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ஒரே சொத்து நாக்கின் நினைவு. நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த பேஜோவும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்பு. உணவு விடுதியில் ‘ஏசியன் நூடுல்ஸ்’ என்று பெயர் வைத்தால் நான்கு மடங்கு விலை கொடுத்துச் சாப்பிடுவோம். இதுவும் ஆசியாதான், பீச் ஸ்டேஷன் ஆசியா.

நல்ல மனசுக்காரர்கள் சிலரிடமிருந்து வேறொரு ஆட்சேபம் வரும். ஏழைகள் வாழ்கிற இடத்துக்குப் போய் வேடிக்கை பார்ப்பது தப்பில்லையா என்பார்கள். கேமராவோடு இறங்கி, வலை தைக்கும் முதியவரின் முகச்சுருக்கத்தைக் கேட்காமல் படமெடுத்து, ஒரு ரூபாய்க்கும் எதையும் வாங்காமல் காரேறிப் போனால் அது தப்புதான். அப்படிச் செய்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மீன் வாங்கப் போகிறவர் வாடிக்கையாளர். விலை பேசுகிறார், ஏமாறுகிறார், அடுத்த முறை ஏமாறாமல் இருக்கிறார். கோயிலுக்குப் போகிறவர் பக்தர். ரயிலில் போகிறவர் பயணி. ஊருக்கும் ஊருக்கும் இருக்க வேண்டிய சாதாரண உறவு இது. வேடிக்கை பார்ப்பதாகிவிடுமோ என்று கூசி, வாழ்நாள் முழுவதும் எட்டிப் பார்க்காமலே இருந்துவிடுவதை அந்த மக்களுக்குச் செய்கிற மரியாதை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர்களுக்கு அதனால் ஒரு கூறு மீன்கூட விற்காது.

குறைகள் இல்லையா? இருக்கின்றன, நிறையவே. எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் நிஜமான அபாயம். குழந்தையோடு அந்தச் சாலையைக் கடக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை கரையோரத்தில் போதாது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, இந்தக் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் வந்தது. ஆனால் இவை எல்லாம் மாநகராட்சியிடமும் அரசிடமும் சொல்ல வேண்டிய புகார்கள். மாநகரத்தின் மின்சாரமும் பெட்ரோலும் துறைமுகமும் அவர்கள் தலைமேல், மணலும் பூங்காவும் நம் பக்கம் என்று பங்கு பிரித்துவிட்டு, அங்கே அழுக்கு என்று நாமே மூக்கைப் பொத்திக்கொள்வது நியாயமில்லை. ஊரின் மற்ற பகுதி மக்கள் அங்கே போய்வந்தால்தான் கழிப்பறை ஏன் இல்லை என்ற கேள்வி ரிப்பன் மாளிகை வரைக்கும் கேட்கும். பெசன்ட் நகரில் விளக்கு எரியாவிட்டால் மறுநாளே செய்தியாகிறது, ஏனென்றால் புகார் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே நடக்கிறார்கள்.

போகத் தூரம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியிலிருந்து விமான நிலையத்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் இறங்கினால் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ கிடைக்கும். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கத்திலேயே. மீன் பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஈரமானால் கவலைப்படாத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கையில் சில்லறையும் ஒரு வலுவான பையும் இருக்கட்டும். யாரையாவது படமெடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சந்தையும் பாதிதான் இருக்கும். ஆனால் அப்போது படகுகளைக் கரையில் ஏற்றிப் பழுதுபார்ப்பார்கள், வலைகளை விரித்துப் போட்டுத் தைப்பார்கள். பள்ளி விடுமுறையும் அந்த மாதங்களில்தான் வருகிறது.